பயம் காக்குமா? அறிவு காக்குமா?

1987-ம் ஆண்டு. ஆஸ்திரேலியா நாட்டு வீடுகளில், டெலிவிஷன் பெட்டியில் ஒரு காட்சி தோன்றியது.

கறுப்பு அங்கி. உள்ளே எலும்புக்கூடு. கையில் பெரிய பந்து! அந்த எமன் பந்தை உருட்டினான். எதிரே ஆண்கள், பெண்கள், குழந்தைகள் வரிசையாக நின்றார்கள். பந்து பட்டதும் பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள்!

எய்ட்ஸ் நோயைப்பற்றி எச்சரிக்கக் காட்டிய விளம்பரம் அது.

பழி யார் மேல்?

பார்த்தவர்கள் நடுங்கினார்கள். ஆனால், கூடவே ஒரு தீமையும் விளைந்தது.

அந்த நாட்டில் இந்த நோய் அதிகமாகத் தாக்கியது யாரை? ஆண்களை விரும்பும் ஆண்களை. ஆண், பெண் இருபாலரையும் விரும்பும் ஆண்களும் அவர்களில் உண்டு. "அவர்கள்தான் எமன்" என்று சிலர் எண்ணத் தொடங்கினார்கள். அடிபட்டவன் மேலேயே பழி!

பழிக்குப் பயந்தவன் என்ன செய்வான்? டாக்டரிடம் போகமாட்டான். ரத்தம் சோதிக்கமாட்டான். ஒளிந்துகொள்வான். அவனோடு நோயும் ஒளிந்திருக்கும்.

தினம் ஒரு மாத்திரை

29 ஆண்டுகள் கழிந்தன. 2016-ம் ஆண்டு மார்ச் மாதம், சிட்னி நகரம் உள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒரு பெரிய சோதனை தொடங்கியது.

நோய் இல்லாதவர், நோய் வராமல் இருக்க முன்கூட்டியே சாப்பிடும் மாத்திரை அது. பெயர் "பிரெப்". எச்.ஐ.வி. கிருமி உடலில் நுழைந்தாலும், அதை வேரூன்ற விடாது.

முதலில் 3,700 பேர் சேர்ந்தார்கள். பெரும்பாலும் ஆண்களை விரும்பும் ஆண்கள். அவர்களில் எத்தனை பேருக்குக் கிருமி தொற்றியது? இரண்டே பேருக்கு! அந்த இருவரும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவர்கள்.

மாத்திரை வருமுன், ஓராண்டில் அந்த மாநிலத்தில் புதிதாகக் கிருமி கண்டறியப்பட்ட இத்தகைய ஆண்கள் 295 பேர். மாத்திரை பரவியபின், ஓராண்டில் 221 பேர். நாலில் ஒரு பங்கு குறைந்துவிட்டது!

எது உங்களுக்கு?

மாத்திரை ஒன்றுதான் வழியா? இல்லை.

ஆணுறை: எச்.ஐ.வி.யையும் தடுக்கும், கிரந்தி, வெட்டை போன்ற நோய்களையும் பெரிதும் தடுக்கும். மாத்திரை அவற்றைத் தடுக்காது.

மாத்திரை: தொடங்குமுன் ரத்தச் சோதனை வேண்டும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டரைப் பார்க்கவேண்டும்.

துணைவருக்குச் சிகிச்சை: நோய் உள்ளவர் தவறாமல் மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத நிலையிலேயே இருந்தால், உடலுறவால் அது பிறருக்குத் தொற்றாது. ஐரோப்பாவில் ஏறத்தாழ 780 ஆண் ஜோடிகளை ஆராய்ந்து, 2019-ல் இதை உறுதி செய்தார்கள்.

தவறு நேர்ந்துவிட்டதா? 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் ஓடுங்கள். 28 நாள் சாப்பிடும் மருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரமோ, அவ்வளவு நல்லது.

ஒருவருக்கு ஒன்று பொருந்தும். மற்றவருக்கு இரண்டும் சேர்ந்து பொருந்தும். தெரிந்தால்தானே தேர்ந்தெடுக்க முடியும்?

பெற்றோர்களே!

நம் ஊர் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் "நம்பிக்கை மையம்" இருக்கிறது. அங்கே இலவசமாக ரத்தம் சோதிக்கலாம். விவரத்தை வெளியே சொல்லமாட்டார்கள்.

உங்கள் பிள்ளை இதைப்பற்றி ஒரு நாள் கேட்கலாம். சீறாதீர்கள். சீறினால் அவன் வாயை மூடிக்கொள்வான், ஆபத்து மூடிக்கொள்ளாது. உட்காரவைத்துப் பேசுங்கள். அந்தப் பேச்சு ஓர் உயிரைக் காக்கும்!