உங்களுக்குத் தெரியுமா? நிலத்தடி ரயிலும் நிலத்தடி வரலாறும்

★ ஏதென்ஸ் நகரின் சின்டக்மா மெட்ரோ நிலையத்தில் ஒரு கண்ணாடிச் சுவர் இருக்கிறது. அதன் பின்னால் தெரிவது நிலையம் கட்டத் தோண்டியபோது வெளிப்பட்ட மண்ணடுக்குகள்: தண்ணீர் கொண்டுவந்த சுடுமண் குழாய்கள், ஒரு கல்லறை, அதற்குள் எலும்புக்கூடு. 2000 ஜனவரியில் திறந்த நாள்முதல், வேலைக்கு ஓடுகிறவர்கள் இவற்றைக் கடந்துதான் போகிறார்கள். தனிக் கட்டணம் கிடையாது.

★ அதே மெட்ரோவுக்காக கெராமைகோஸ் பகுதியில் தோண்டியபோது, கி.மு. 430 வாக்கில் ஏதென்ஸை உலுக்கிய கொள்ளைநோயில் இறந்தவர்களை மொத்தமாகப் புதைத்த குழி கிடைத்தது. அதிலிருந்த சுமார் 11 வயதுச் சிறுமியின் மண்டையோட்டைக் கொண்டு அவள் முகத்தை மீட்டுருவாக்கி, மிர்டிஸ் என்று பெயரிட்டார்கள். அங்கிருந்த பழைய இடுகாட்டைக் காப்பாற்ற ரயில் பாதையே விலகிப் போனது. அகழாய்வுச் செலவு மெட்ரோ திட்டத்தின் கணக்கில்தான் ஏறியது. அதுதான் நியாயம் என்பேன். மண்ணைக் கிளறியவர்கள்தானே கிடைத்ததை ஊருக்குக் காட்டவும் வேண்டும்?

★ இஸ்தான்புல்லின் யெனிகாபியில் மர்மராய் ரயில் பணிக்காக 2004-இல் அகழாய்வு தொடங்கியது. மண்ணுக்கடியில் இருந்தது பைசாந்திய காலத் துறைமுகம். 37 மரக்கலங்களின் சிதைவுகள் கிடைத்தன. அதற்கும் கீழே, 8,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதர்களின் காலடித் தடங்கள்! நகரத்தின் வயது ஒரேயடியாகப் பல ஆயிரம் ஆண்டுகள் கூடிவிட்டது. ரயில் திட்டம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனதால், சட்டி பானைகளுக்காகக் காத்திருப்பதா என்று அன்றைய பிரதமர் எர்டோகனே வெளிப்படையாகச் சலித்துக்கொண்டார். தாமதம் உண்மைதான். ஆனால் 2013-இல் ரயில் வந்தேவிட்டது. தோண்டாமல் கான்கிரீட் ஊற்றியிருந்தால் அந்தக் காலடித் தடங்களை எந்தப் பணத்தாலும் மீட்டிருக்க முடியாது.

★ மெக்சிகோ நகரின் பினோ சுவாரெஸ் நிலையத்தில், ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்கு மாறும் வழியில், காற்றுக் கடவுளான எஹெகாட்லுக்கு ஆஸ்டெக் மக்கள் கட்டிய வட்ட வடிவப் பலிபீடம் நிற்கிறது. 1967-இல் கட்டுமானத்தின்போது கிடைத்தது, அங்கேயே விட்டுவைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் நிலையத்தை அடையாளம் காண, அந்த மெட்ரோவில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படச்சின்னம் உண்டு. பினோ சுவாரெஸின் சின்னம் இந்தப் பலிபீடம்தான். வரலாற்றுக்குச் செய்த செலவு வழிகாட்டும் பலகையாகவும் உழைக்கிறது.

★ டயர் மாற்றவே பணமில்லாத போக்குவரத்துக் கழகம் கண்காட்சி வைத்தால் பயணிகளுக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் குறைந்த செலவிலும் அதைச் செய்யலாம்; நியூயார்க்கைப் பாருங்கள். நகர நிர்வாகம் திவாலின் விளிம்பைத் தொட்டு மீண்டிருந்த நேரம்; 1976 ஜூலை 4 அன்று அங்கே போக்குவரத்துக் கண்காட்சி திறந்தார்கள். அதற்காகப் புதுக் கட்டடம் எழுப்பவில்லை. புரூக்ளினில் 1946-இலேயே மூடிவிட்ட ஒரு சுரங்க நிலையத்தில் பழைய ரயில் பெட்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நுழைவுக் கட்டணம், அன்று ரயிலில் போகத் தந்த அதே டோக்கன்தான். சில காலத்துக்கு என்று திறந்ததை மக்கள் மூடவிடவில்லை. அந்த நிலையம் சினிமாப் படப்பிடிப்புக்கும் பயன்படுகிறது.



★ கிரேக்கத்தின் தெசலோனிகியில் மெட்ரோ பணி 2006-இல் தொடங்கியது. வெனிசெலோஸ் நிலையம் அமையும் இடத்தில் பைசாந்திய காலக் கடைத்தெருச் சந்திப்பு ஒன்று கற்பாவிய தெருவோடு வெளிப்பட்டது. அதைத் துண்டு துண்டாகப் பெயர்த்தெடுத்து, நிலையம் கட்டிய பின் மறுபடி பொருத்துவது என்று அரசு முடிவெடுத்தபோது தொல்லியலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், வழக்குகள் நடந்தன. கடைசியில் பெயர்த்துத்தான் பொருத்தினார்கள். 2024 நவம்பர் 30 அன்று ரயில் ஓடத் தொடங்கியது. இப்போது பயணிகள் அந்தத் தெருவைப் பார்க்க முடிகிறது. இருந்தாலும், கற்களை அசைக்காமலே நிலையம் கட்டலாம் என்று வாதாடியவர்கள் பக்கம்தான் நான்.