கணினி கண்டுபிடித்த மருந்து: செய்தியை நம்பி மாத்திரையை நிறுத்தலாமா?

நோயை இறக்கிய அல்லாஹ் அதற்கான நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்த நம்பிக்கை. அந்த நிவாரணத்தைத் தேடுவது மனிதனின் பொறுப்பு. இன்று அந்தத் தேடலுக்குக் கணினியும் உதவுகிறது.

நம் குமரி மாவட்டத்துக்கு மூலிகை புதிதல்ல. மருந்துவாழ்மலையின் பெயரே அதைச் சொல்லும். ஆனால் ஒரே செடியில் பல வேதிப்பொருள்கள் இருக்கும். எது எந்த நோய்க்கு உதவும் என்று எல்லாவற்றையும் ஆய்வகத்தில் சோதிக்கப் பல காலம் ஆகும். பெரும் பணமும் வேண்டும்.

இந்த வேலையை எளிதாக்க, சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் அரிஜித் சமல் குழுவினர் 'இம்பாட்' என்ற தகவல் தொகுப்பை உருவாக்கினார்கள். 2018-இல் வெளியான முதல் பதிப்பில் 1,742 இந்திய மூலிகைகள் இடம்பெற்றன. இரண்டாம் பதிப்பில் 4,010 மூலிகைகளும் அவற்றிலுள்ள 17,967 வேதிப்பொருள்களும் உள்ளன.

கணினி என்ன செய்கிறது? நோய்க்குத் துணைபோகும் புரதத்தை ஒரு பூட்டு என்று வைத்துக்கொள்வோம். வேதிப்பொருள்கள் சாவிகள். எந்தச் சாவி நன்றாகப் பொருந்தும் என்று கணினி கணக்கிட்டுச் சொல்கிறது. 2020-இல் கொரோனா பரவியபோது, அந்தக் கிருமி நம் உடலின் செல்லுக்குள் நுழையத் துணைபுரியும் இரண்டு புரதங்களை இதே குழுவினர் எடுத்துக்கொண்டார்கள். 14,011 மூலிகை வேதிப்பொருள்களைக் கணினியில் பொருத்திப் பார்த்ததில், ஒரு புரதத்துக்கு 96-ம் மற்றொன்றுக்கு 9-ம் தேறின.

அவை மருந்துகள் அல்ல. அடுத்து ஆய்வகத்தில் சோதிக்க வேண்டியவற்றின் பட்டியல் மட்டுமே. கணினியில் பொருந்திய பொருள் குடலில் உறிஞ்சப்படாமல் போகலாம்; கல்லீரலுக்குக் கேடு செய்யலாம். ஆய்வகம், விலங்குகள், பிறகு மனிதர்களிடம் பல கட்டச் சோதனை என எல்லாவற்றையும் தாண்டிய பிறகே அது மருந்தாகும். அதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இது நம் குடும்பங்களுக்கு ஏன் முக்கியம்? கருஞ்சீரகத்தின் சிறப்பை நபிமொழிகள் வழியாக அறிந்தவர்கள் நாம். அதனால், "கருஞ்சீரகம் சர்க்கரையைக் குணமாக்கும், கணினி ஆய்வில் நிரூபணம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால் எளிதில் நம்பிவிடுவோம். அதை நம்பி வாப்பாவோ உம்மாவோ மாத்திரையை நிறுத்திவிட்டால் சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறும். மாத்திரையோடு கருஞ்சீரகத்தையும் அதிகமாகச் சாப்பிட்டால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் கூடும். எனவே வீட்டில் எந்த மூலிகை சாப்பிட்டாலும் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வோம்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் ஒரு கேள்வி கேட்போம்: இது கணினியில் மட்டும் பார்த்ததா, மனிதர்களிடம் சோதித்ததா? வரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. பதில் தெரியாதவரை அதைப் பிறருக்கு அனுப்பாமல் இருப்போம். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன்.