கலத்தின் உலையும் புற்றுநோயும்

பால் தயிராகும்போது அதிலுள்ள வெல்லத்தை நுண்ணுயிர்கள் இலற்றிக்கமிலமாக மாற்றுகின்றன. இம்மாற்றத்திற்குக் காற்று வேண்டியதில்லை. விரைந்தோடும் ஒருவனின் தசைகளிலும், ஒட்சிசன் போதாத வேளையில், இதே அமிலம் உண்டாகின்றது. ஆனால், ஒட்சிசன் வேண்டிய அளவு கிடைத்தபோதும் வெல்லத்தை இவ்வாறு புளிக்கவைப்பது புற்றுநோய்க் கட்டியின் இயல்பாகும். இவ்விந்தையை 1920ஆம் ஆண்டுகளிலே பேர்லின் நகரிற் கண்டறிந்தவர் ஒற்றோ வார்பேர்க் என்னும் சேர்மானிய அறிஞர்.

இதனை விளங்கிக்கொள்வதற்கு நலமுள்ள கலம் தொழிற்படும் முறையை முதலில் அறிதல் வேண்டும். கலத்தினுட் புகும் குளுக்கோசு இரண்டாகப் பிளவுபட்டுப் பைருவிக்கமிலமாகின்றது. இவ்வமிலம் இழைமணி எனப்படும் நுண்ணிய உறுப்பினுட் செல்கின்றது. இழைமணியே கலத்தின் உலை எனலாம். அங்கே நொதியங்கள் பல ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு வட்டமாய்த் தொழிற்படுகின்றன. ஒரு நொதியம் ஆக்கிய பொருளை அடுத்த நொதியம் ஏற்றுக்கொள்கின்றது. காபனீரொட்சைட்டு வெளியேற, பிரிக்கப்பட்ட ஐதரசன் ஈற்றில் ஒட்சிசனுடன் கூடி நீராகின்றது. அப்போது வெளிப்படும் சத்தி அடனோசின் முப்பொசுபேற்று என்னும் சேர்வையிற் சேமிக்கப்படுகின்றது. ஒரு குளுக்கோசு மூலக்கூறு புளிப்பதனால் இச்சேர்வையின் 2 மூலக்கூறுகளே கிடைக்கும். இழைமணியின் வழியே முற்றாக எரிந்தால் ஏறக்குறைய 30 கிடைக்கும். இவ்வட்டத்தை 1937இல் இங்கிலாந்தின் செபீல்டு நகரிலே விளக்கியவர் ஆன்சு கிரெப்சு. வார்பேர்க்கிடம் உதவியாளராகப் பயின்ற அவர், இற்லர் ஆட்சியில் 1933இற் பதவியிழந்து இங்கிலாந்து சேர்ந்தவர்.

ஊதியம் மிகுந்த வழியிருக்க, புற்றுக் கலம் ஊதியம் குறைந்த வழியை நாடுவதேன்? அதன் சுவாசம் பழுதடைந்துவிட்டது. அப்பழுதே புற்றுநோயின் மூலகாரணம் என்றார் வார்பேர்க். சுவாச நொதியம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1931இல் நோபெல் பரிசு பெற்றவராதலின், அவர் கூற்றுக்கு மதிப்பிருந்தது. எனினும் சிட்னி வைன்கவுசு முதலானோர், கட்டிகளின் கலங்களும் ஒட்சிசனை நன்கு பயன்படுத்துகின்றன என்று அளந்து காட்டினர். பின்னர் பரம்பரையலகுகளில் நேரும் மாற்றங்களே நோயின் காரணம் என்பது தெளிவாயிற்று. 1970இல் மறையும்வரை வார்பேர்க் தம் கொள்கையைக் கைவிடவில்லை. உலகமோ இழைமணியை ஏறக்குறைய மறந்திருந்தது.

அதனை மீண்டும் நினைவூட்டியது கழுத்திலுள்ள ஒரு சிறு உறுப்பு. தலைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடி இரண்டாகப் பிரியுமிடத்தில் அரிசிமணி அளவிலே அமைந்து, குருதியின் ஒட்சிசனை உணர்ந்து மூளைக்கு அறிவிப்பது அவ்வுறுப்பு. காற்றில் ஒட்சிசன் அருகிய உயர்மலைகளில் வாழ்வோரிடத்து அதிலே கட்டி தோன்றுவது மிகுதி. சமநிலத்தில் வாழும் சில குடும்பங்களிலும் இக்கட்டி பரம்பரையாக வந்தது. அக்குடும்பங்களை ஆராய்ந்தோர் 2000ஆம் ஆண்டிற் காரணத்தைக் கண்டனர். கிரெப்சு வட்டத்தைச் சேர்ந்த சக்சினேற்று ஐதரசனகற்றி என்னும் நொதியத்தின் ஒரு பகுதியை ஆக்கும் பரம்பரையலகே அங்குப் பழுதுற்றிருந்தது.

ஒரு நொதியம் நின்றுபோனால் அது மாற்றவேண்டிய பொருள் தேங்கும். இங்கே சக்சினேற்றுத் தேங்கி, இழைமணியைக் கடந்து வெளியே பரவுகின்றது. ஒட்சிசன் குறைந்த காலத்திற் கலத்தைக் காக்கும் புரதமொன்று உண்டு. ஒட்சிசன் நிறைந்த காலத்தில் அது உடனுக்குடன் அழிக்கப்படும். தேங்கிய சக்சினேற்று அவ்வழிவைத் தடுக்கின்றது. அப்புரதமும் அழியாது நின்று, காற்றில்லை என்ற பொய்ச்செய்தியைப் பரப்புகின்றது. கலம் அதை நம்பி வெல்லத்தை மிகுதியாய் உட்கொள்கின்றது. புதிய குருதிக்குழாய்களை அழைக்கின்றது. புளிக்கவைக்கும் வழியை மேற்கொள்கின்றது. சத்தி குறைவதைவிட இப்பொய்ச்செய்தியே பெருந்தீங்கு விளைப்பது.

2002இல் வட்டத்தின் அடுத்த நொதியமாகிய பியூமறேசும் இவ்வாறே பழுதுற்று, சில குடும்பங்களிற் சிறுநீரகப் புற்றுநோயை விளைத்தல் அறியப்பட்டது. ஐசோசித்திரேற்று ஐதரசனகற்றியின் கதை வேறு. மூளைக் கட்டிகளிலும் குருதிப் புற்றிலும் அது மாற்றமுற்று, முன்னில்லாத தொழிலை மேற்கொண்டு, கலம் முதிர்ச்சியடைவதைத் தடுக்கும் சேர்வையொன்றை ஆக்குகின்றது. இவ்வுண்மை 2009இல் வெளியாயிற்று. இழைமணியிலுள்ள இந்நொதியத்தின் மாறிய வடிவைத் தடுக்கும் எனசிடெனிப் என்னும் மருந்து, 2017இல் அமெரிக்காவிற் குருதிப் புற்றுக்கு அனுமதி பெற்றது.

இவ்வறிவின் பயன் நோயுற்றவரோடு முடிவதில்லை. கழுத்துக் கட்டிக் குடும்பங்களில், 2000இற் கண்ட அக்குறையைத் தந்தைவழிப் பெற்றோரிடத்தே பெரும்பாலும் கட்டி தோன்றுகின்றது. தாய்வழிப் பெற்ற மகன் நோயின்றி வாழ்ந்தும், தன் மக்களுக்கு அதனை அறியாமலே வழங்கக்கூடும். இன்று குருதிச் சோதனை ஒன்றால் குறையுடையோரை முன்னரே அறிந்து, கட்டி சிறிதாயிருக்கும்போதே கண்டு பரிகாரம் செய்ய இயலும்.

எல்லாப் புற்றுநோய்க்கும் இழைமணியே காரணம் என்ற வார்பேர்க்கின் கூற்று நிலைக்கவில்லை. ஆயினும் அவர் கண்ட காட்சி உண்மை. சில நோய்களில் அவர் சுட்டிய இடமும் சரியானதே. ஒருவர் கொள்கை வீழ்ந்தபோதும் அவர் கண்ட உண்மை வீழ்வதில்லை என்பதற்கு இவ்வரலாறே சான்றாகும்.