பாறையில் ஒளிந்திருக்கும் 'க'

நான் எடுத்த முதல் படத்தில் பாறை மட்டும்தான் இருந்தது. இரண்டாவது படத்திலும் அப்படித்தான். எழுத்து இருக்கிறது என்று புத்தகம் சொல்கிறது. உடன் வந்தவர் விரல் நீட்டிக் காட்டுகிறார். என் கண்ணுக்குத் தெரிந்ததோ மழைத்தண்ணீர் வழிந்த கறையும் நாலைந்து விரிசலும்.

"தம்பி, நிழலுக்குள்ள நின்னுக்கிட்டு நிழலைத் தேடுனா எப்படிக் கெடைக்கும்?" என்றார் அவர்.

அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அறுபதைத் தாண்டிய பிறகு பழைய கேமரா ஒன்றை வாங்கிப் படமெடுக்கப் பழகுகிறவர். நாங்கள் நின்றது திருவாதவூர் ஓவாமலையில். மதுரையிலிருந்து மேலூர் சாலையில் வந்து ஒத்தக்கடையில் பிரிந்து போனால் ஊர் வந்துவிடும். மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்பதால் திருமறைநாதர் கோயிலைத் தேடி வருகிறவர்கள் உண்டு. அந்த வாதவூரருக்கும் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே எழுத்து வெட்டியிருக்கிறார்கள். சமணத் துறவியர் தங்கிய குகைத்தளம், கற்படுக்கைகள், கூடவே இரண்டு தமிழ் பிராமிக் கல்வெட்டுகள். காலம் ஏறக்குறைய கி.மு. 2ஆம் நூற்றாண்டு. 'வெட்டுவித்தான்' என்ற பொருளில் 'கொட்டுபிதோன்' என்றொரு சொல் இவற்றில் வருகிறது. தெருவில் அம்மி கொத்துகிறவரின் உளிச்சத்தம் எனக்கு அதில் கேட்கிறது. சொல்லாராய்ச்சிக்காரர்கள் மன்னிக்க.

வாத்தியார் சொன்ன நிழல் விஷயம் வெறும் சாமர்த்தியப் பேச்சு இல்லை. கல்லில் வெட்டிய எழுத்துக்குத் தனி நிறம் கிடையாது. மையால் எழுதியது கறுப்பாகத் தெரியும். கல்லெழுத்தோ பாறையின் அதே நிறத்தில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். அந்தப் பள்ளத்தில் விழும் நிழலைத்தான் நாம் எழுத்தாகப் படிக்கிறோம். குடைபோல முன்னால் நீண்ட பாறைக்குக் கீழே வெயில் நேராக விழாது. வானத்திலிருந்தும் தரையிலிருந்தும் சிதறி வரும் வெளிச்சம் எல்லாத் திசையிலிருந்தும் சமமாகப் பரவும். நிழல் விழாத இடத்தில் எழுத்தும் இல்லை.

ஆகவே குடையை என் கையில் கொடுத்து, பகல் வெளிச்சத்தை மறைக்கச் சொன்னார். கேமராவைத் தாங்கியில் நிறுத்தினார். டார்ச்சை பாறையை ஒட்டி, ஏறக்குறைய உரசுகிற மாதிரி, பக்கவாட்டில் பிடித்தார். கறை மங்கியது. விரிசல்களுக்கு நடுவே, ஒரே அகலத்தில், ஒரே ஒழுங்கில் சில கோடுகள் எழுந்து வந்தன. உடம்பு சிலிர்த்தது என்று எழுதினால் மிகை. ஆனால் குடை கொஞ்சம் ஆடியது உண்மை.

கணக்கு அவருடையது. 3 மி.மீ. ஆழமுள்ள வெட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒளி பாறையின் முகத்தோடு 60 பாகைக் கோணத்தில் வந்தால் வெட்டின் விளிம்பு ஏறத்தாழ 1.7 மி.மீ. நிழலைத்தான் விழுத்தும். அதே ஒளி 10 பாகைக்குச் சாய்ந்தால் நிழல் 17 மி.மீ. நீளும், வெட்டு முழுக்க இருட்டால் நிரம்பிவிடும். பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்த டேன் தீட்டா இது. தரைமட்டமாகக் கிடக்கும் கற்படுக்கையின் உளித்தடங்களுக்கு இந்த வேலையைக் காலைச் சூரியனே செய்துவிடும். ஆனால் அவசரப்பட வேண்டும். மதுரை போன்ற நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஊர்களில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக ஏறுவதால், மார்ச் மாதத்தில் உதயத்திலிருந்து 10 பாகை உயர அதற்கு 40 நிமிடம் போதும். லண்டனில் இதே உயரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நம்மூர் வெயில் படமெடுப்பவருக்குக் கருணை காட்டாது.

சிக்கல் இத்தோடு முடியவில்லை. தமிழ் பிராமியில் 'க' என்பது கூட்டல் குறி. 'ர' என்பது ஒரு நெடுக்குக் கோடு. டார்ச்சை இடப்பக்கமிருந்து அடித்தால் நெடுக்குக் கோட்டில் நிழல் நன்றாக விழுகிறது. குறுக்குக் கோடு ஒளி போகும் திசையிலேயே ஓடுவதால் அதில் நிழல் விழ இடமில்லை, கரைந்து போகிறது. விளைவு, 'க' நம் கண் முன்னாலேயே 'ர' ஆகிவிடுகிறது! மேலிருந்து அடித்தால் குறுக்குக் கோடு வந்து நெடுக்குக் கோடு ஓடி ஒளிகிறது. உயிர்க்குறிகளும் இந்த எழுத்தில் சின்னச் சின்னக் கீறல்கள்தான். ஒரு கீறல் தெரியாமல் போனால் நெடில் குறிலாகும். ஒரு விரிசலைக் கீறலாக எண்ணினால் குறில் நெடிலாகும். ஒரே படத்தை நம்பிக் கல்வெட்டு வாசிப்பவரை நான் இனி நம்பமாட்டேன்.

இதற்குத் தீர்வாக, 2001இல் எச்.பி. ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டரும் அவர் குழுவினரும் ஒரு முறையை வெளியிட்டார்கள். கேமராவை அசைக்காமல், விளக்கை மட்டும் இடம் மாற்றி மாற்றிப் பல டஜன் படங்கள் எடுப்பது. பிறகு கணினி அவற்றை ஒன்றாகக் கோத்து, திரையில் நாம் விரும்பிய திசையிலிருந்து ஒளியைத் திருப்பிப் பார்க்க வைக்கும். இன்று உலகெங்கும் களிமண் பலகைகள், நாணயங்கள், பாறை ஓவியங்கள் வரை இந்த முறையில் பதிவாகின்றன. வாத்தியாரின் முறை அதற்கு ஏழைத் தம்பி: எட்டுத் திசை, எட்டுப் படம், நோட்டில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்புக்குறி.

அந்த எட்டில் ஒன்று எங்களை ஏமாற்றியது. அதில் எழுத்துகள் குழிவாக இல்லை; பாறையிலிருந்து புடைத்து நின்றன. கீழே நின்று டார்ச்சை அண்ணாந்து அடித்த படம் அது. நம் மூளை வெளிச்சம் எப்போதும் மேலிருந்துதான் வரும் என்று எடுத்துக்கொள்கிறது. சூரியனுக்குக் கீழே வளர்ந்த பழக்கம். எனவே மேல் விளிம்பு வெளுத்து, கீழ் விளிம்பு இருண்டிருந்தால் 'மேடு' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1988இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை ஒன்று, ஒளி மேலிருந்து, அதுவும் ஒரே இடத்திலிருந்து வருவதாக மூளை கொள்ளும் இந்த ஊகத்தை வெறும் நிழலிட்ட வட்டங்களை வைத்தே காட்டியது. சோதித்துப் பார்க்க ஓவாமலைக்கு வர வேண்டியதில்லை. மணலில் பதிந்த காலடியைச் சாய்வெயிலில் படமெடுத்து, செல்போனைத் தலைகீழாகத் திருப்புங்கள். பள்ளம் மேடாகும்.

கேமரா வருவதற்கு முன்பிருந்தே கல்வெட்டுக்காரர்களிடம் இருக்கும் கைத்தொழில் மைப்படி. கல்லைத் துடைத்து, தண்ணீரில் நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டித் தாளைப் பள்ளங்களுக்குள் இறக்குவார்கள். ஈரம் கொஞ்சம் வாங்கியதும் மைப்பொதியால் ஒற்றுவார்கள். மை மேட்டில் மட்டும் படும். பள்ளத்துக்குள் இறங்கிய தாள் வெள்ளையாகவே நிற்கும். உரித்தெடுத்தால் கறுப்பில் வெள்ளை எழுத்து. சொல்ல நாலு வரி. செய்ய நாலு வருஷம். ஈரம் கூடினால் தாள் கிழியும், குறைந்தால் பள்ளத்தில் இறங்காது, அவசரப்பட்டு மை ஒற்றினால் ஊறிப் பரவிவிடும்.

பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அனுமதியின்றி இதைச் செய்யக் கூடாது என்பதால், வாத்தியார் தன் வீட்டு அம்மியில் பழகுகிறார். (சாக்பீஸால் எழுத்தின்மேல் எழுதிப் படமெடுக்கிறவர்களைக் கண்டால் இந்த அம்மியைத் தூக்கிப் போடலாம் போல வருகிறது எனக்கு.) கொத்திய அம்மியின் மைப்படியைக் காயப் போட்டிருந்தார். கறுப்புத் தாளில் நூற்றுக்கணக்கான வெள்ளைப் புள்ளிகள். காபி கொண்டுவந்த அவர் வீட்டம்மா பார்த்துவிட்டு, "இதென்ன, சுங்குடிச் சேலை மாதிரி இருக்கு?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில் இயற்பியல் முழுக்க இருக்கிறது. மதுரையில் சௌராஷ்டிர சமூகத்தாரின் கைவண்ணம் சுங்குடி. 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. பருத்தித் துணியை நகநுனியால் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கிச் சுற்றி முடிச்சிடுவார்கள். வீட்டுத் திண்ணையில் பெண்கள் போடும் முடிச்சுகள், ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில். பிறகு சாயத்தில் முக்குவார்கள். துணிக்குள் நூலிழைகளின் சந்து வழியே சாயம் தானாக ஏறும். முடிச்சு அந்தச் சந்துகளை நெரித்து மூடிவிடுவதால் அங்கே வழி அடைபட்டுப் போகிறது. காய்ந்த சேலையை இரண்டு பக்கமும் பிடித்துச் சுண்டி இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறித்து அவிழும். சாயம் போகாத இடம் புள்ளி. மைப்படியில் மை போகாத இடம் எழுத்து. விரலின் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தாலும் புள்ளி கலங்கிவிடும் என்பதால், கண்ணைவிட விரல்தான் அங்கே கணக்கு வைத்திருக்கிறது.

இப்படிக் கையும் கண்ணும் புதிதாகத் திணறினால் வயதான மூளைக்கு என்ன ஆகும்? அமெரிக்காவின் டல்லாஸில் டெனிஸ் பார்க் தலைமையில் இதைச் சோதித்தார்கள். 60 முதல் 90 வயது வரையான 221 பேரின் முடிவுகள் 2014இல் 'சைக்கலாஜிகல் சயின்ஸ்' இதழில் வந்தன. மூன்று மாதம், வாரத்துக்குச் சராசரியாக 16 மணி நேரத்துக்கு மேல். ஒரு குழு டிஜிட்டல் படக்கலையும் கணினியில் படம் திருத்துவதும் கற்றது. ஒரு குழு துணித்துண்டுகளை ஒட்டுத்தைத்துப் போர்வை செய்யக் கற்றது. ஒரு குழு இரண்டையும். ஒப்பிட்டுப் பார்க்க வைத்த குழுக்களில் ஒன்று சேர்ந்து ஊர் சுற்றியது, அரட்டை அடித்தது. இன்னொன்று வீட்டிலிருந்தபடி இசை கேட்டது, எளிய சொல்விளையாட்டு ஆடியது.

புதிதாகக் கற்றவர்களின் நிகழ்வு நினைவாற்றல், அதாவது பார்த்ததையும் கேட்டதையும் பிறகு மீட்டெடுக்கும் திறன், மற்றவர்களைவிடக் கூடியது. படக்கலை கற்றவர்களிடம் பலன் தூக்கலாகத் தெரிந்தது. வெறுமனே கூடிப் பேசியதால் பெரிய பலன் இல்லை. இதை வைத்துக்கொண்டு 'கேமரா வாங்கினால் மறதி நோய் வராது' என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. நோயை அது சோதிக்கவே இல்லை. வாரம் 16 மணி நேரம் என்பதும் பொழுதுபோக்கு இல்லை, அரை வேலை.

அதே 2014இல் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தின் லிண்டா ஹெங்கெல் வெளியிட்ட ஆய்வு எதிர்த்திசையில் குத்துகிறது. அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படமெடுத்துக்கொண்டே போனவர்கள், வெறுமனே நின்று பார்த்தவர்களைவிடக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மூளை கைகழுவிவிடுகிறது. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுக்கச் சொன்னபோது அந்த இழப்பு இல்லை. பதினொன்றரை மணிக்கு நான் எடுத்த முதல் இரண்டு படங்களும் எந்தக் கணக்கில் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பழகுவதை விட்டால் பலன் போய்விடும் என்பதும் உண்டு. ஜெர்மனியில் பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் வித்தையை மூன்று மாதம் பழகிய இளைஞர்களின் மூளையில், அசைவைப் பார்க்கும் பகுதியில் சாம்பல் நிறப் பொருள் கூடியதை 2004இல் ஸ்கேன் காட்டியது. பழகுவதை நிறுத்தியதும் அது குறைந்தது. 2008இல் அதே சோதனையை ஏறக்குறைய 60 வயதுக்காரர்களிடம் செய்தார்கள். வித்தை இளையவர்கள் அளவுக்குக் கைவரவில்லை. மூளையோ அங்கும் மாறியது.

கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவனை ஸ்கேன் எடுத்து யாரும் பார்க்கவில்லை. 1930இல் பிறந்தவர், சட்டம் படித்தவர், 1954இல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்தவர். கல்வெட்டு அவர் படித்த பாடமே இல்லை. 1960களில் அலுவல் நேரம் போக மிச்சத்தில் குகைகளுக்கு ஏறத் தொடங்கினார். 1924இலேயே கே.வி. சுப்பிரமணிய ஐயர் இந்தக் குகை எழுத்துகள் தமிழ் என்று காட்டியிருந்தார். அந்த இழையைப் பிடித்துக்கொண்டு போனார் மகாதேவன். இடையில் சிந்துவெளி எழுத்துக்கு 1977இல் ஒரு தொகுப்பு, 1987இலிருந்து 'தினமணி' ஆசிரியர் நாற்காலி. அறுபதைத் தாண்டிய வயதில் மறுபடியும் மலைகளில் ஏறி, முன்பு தானே படித்தவற்றைச் சரிபார்த்தார். தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் பற்றிய அவருடைய பெருநூல் 2003இல் வந்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. இளவயதில் படித்தது போதும் என்று அவர் இருந்திருந்தால் எத்தனை 'க'க்கள் 'ர'வாகவே இருந்திருக்குமோ.

அடுத்த முறை ஓவாமலைக்குப் போனபோது அந்தி சாய்ந்துகொண்டிருந்தது. வாத்தியார் கையில் மாங்காய் பறிக்கிற தொரட்டிக் கம்பு. நுனியில் கொக்கியைக் கழற்றிவிட்டு, டார்ச்சைச் சணலால் கட்டியிருந்தார். விளக்கு எழுத்துக்கு மேலே போய்விட்டால், பள்ளம் புடைப்பாகத் தெரியும் ஏமாற்று வேலை நடக்காதல்லவா. நான் கம்பைத் தூக்கிப் பிடித்தேன். ஒரு நிமிடத்தில் கை நடுங்கத் தொடங்கியது. நிழலும் கூடவே நடுங்கியது.

"ஆட்டாதீங்க தம்பி, ஒரு எழுத்து மாறிருச்சு."