நிலக்கரியான காடும் நீரில் நிற்கும் காடும்

நுழையும்முன்

வெப்பமண்டலச் சதுப்புநிலம் என்றதும் தொலைநாட்டுப் பேராறுகளே பலருக்கு நினைவில் எழும். நெய்வேலி நகரியத்தில் வாழும் மாணவர் ஒருவர் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டுவதில்லை. காலையில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் சென்றடையக்கூடிய சதுப்புநிலக் காடு ஒன்று அவருடைய மாவட்டத்திலேயே உள்ளது. மற்றொரு சதுப்புநிலக் காடு அவருடைய காலடியிலேயே புதைந்து கிடக்கிறது. இவ்விரண்டையும் இணைத்துக் காணும் படகுப் பயணத்தை இப்பாடம் விளக்குகிறது.

புதைந்த காடு

1930களின் நடுப்பகுதியில், நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவரது நிலத்தில் கிணற்றுக்காகத் துளையிட்டபோது, நீருடன் கருநிறப் பொருளொன்றும் வெளிவந்தது. அது பழுப்பு நிலக்கரி என்பது பின்னர் உறுதியாயிற்று. 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் உருவாக்கப்பட்டது. 1957இல் பிரதமர் ஜவஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார்.

பழுப்பு நிலக்கரி பிறப்பிலேயே பாறையாக இருந்ததன்று. அது ஒருகாலத்தில் இலையாகவும் கிளையாகவும் வேராகவும் இருந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் வெப்பமண்டலச் செடிகொடிகள் செழித்த சதுப்புநிலம் இருந்தது. சாதாரணக் காட்டில் விழும் மரம் காற்றும் கரையானும் நுண்ணுயிரும் கூடி அரித்துத் தின்ன, சில ஆண்டுகளில் மட்கிப்போகும். தேங்கிய நீரில் விழுந்த மரத்திற்கோ உயிர்வளி எட்டுவதில்லை. ஆகவே மட்குதல் மிக மெதுவாகவே நிகழும். அவ்வாறு படிந்தவற்றின்மேல் மணலும் களிமண்ணும் மூடின. மேலிருந்து அழுத்திய எடையும் நிலத்தின் வெப்பமும் அவற்றை நிலக்கரியாக மாற்றின. இன்று வெட்டியெடுக்கப்படும் இந்நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரமாகவே இருக்கிறது. தான் தோன்றிய நீர்நிலத்தை அது இன்னும் முழுதாக விட்டுவிடவில்லை.

நகரியத்து வீடுகளில் எரியும் விளக்கு ஒவ்வொன்றும் அந்தப் பழங்காட்டின் ஒளியே. அக்காடு உயிரோடிருந்தபோது எப்படித் தோன்றியிருக்கும்? அதன் மரங்களும் இன்றைய கடலோரக் காட்டின் மரங்களும் ஒன்றல்ல. எனினும், நீரும் சேறும் மரமும் சேர்ந்து ஒரு காட்டை உருவாக்கும் முறையைக் கண்ணால் காண வேண்டுமானால், பிச்சாவரத்திற்குச் செல்லலாம்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே

நெய்வேலியிலிருந்து வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி, சிதம்பரம் வழியாகக் கிள்ளையை அடைந்தால் பிச்சாவரம் வந்துவிடும். வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலில் கலக்கின்றன. அவ்விரண்டு கழிமுகங்களுக்கும் இடையே சிறு தீவுகளும் கால்வாய்களுமாகப் பிச்சாவரம் காடு பரந்துள்ளது. ஐம்பதுக்கும் மேற்பட்ட திட்டுகளைச் சுற்றி நீர் வளைந்து வளைந்து ஓடுகிறது. ஆற்றின் நன்னீரும் கடலின் உப்புநீரும் இங்கே கலக்கின்றன.

இக்காட்டினை அலையாத்திக் காடு என்கிறோம். அலையை ஆற்றுவது, அதாவது அலையின் வேகத்தைத் தணிப்பது என்பது அச்சொல் உணர்த்தும் பொருள். கண்டல் காடு, சுரபுன்னைக் காடு என்னும் பெயர்களும் வழக்கில் உள்ளன. ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அவ்வுடன்படிக்கையின் பட்டியலில் 2022இல் பிச்சாவரமும் இடம்பெற்றது.

உடன் பயணிப்போர்

பிச்சாவரத்தில் விசைப்படகும் உண்டு. துடுப்புப் படகும் உண்டு. விசைப்படகு அகன்ற நீர்ப்பரப்பில் விரைந்து செல்லும். அதன் ஓசை கேட்டதுமே பறவைகள் எழுந்து பறந்துவிடும். துடுப்புப் படகு, மரக்கிளைகள் இருபுறமும் கவிந்து குகைபோல் தோன்றும் குறுகிய வாய்க்கால்களுக்குள் நுழையவல்லது. உயிரினங்களைக் காண விரும்புவோர் துடுப்புப் படகையே தேர்ந்தெடுப்பர்.

ஒரு படகில் செல்வோர் சிலர்தாம். ஆனால், அவர்களுள் ஒருவர் உரக்கச் சிரித்தாலும் அனைவருடைய காட்சியும் கலைந்துவிடும். எனவே, பேச்சைக் குறைத்தலும், எழுந்து நிற்காதிருத்தலும், கண்ணைப் பறிக்கும் நிறமுடைய ஆடைகளைத் தவிர்த்தலும் இப்பயணத்தின் ஒழுங்குகளாகும். கூட்டமாகச் செல்வதில் நன்மையும் உண்டு. ஒருவர் நீரின் விளிம்பைப் பார்க்கட்டும், ஒருவர் மரவுச்சியைப் பார்க்கட்டும், மற்றொருவர் வானைப் பார்க்கட்டும், இன்னொருவர் குறிப்பெழுதட்டும். தனியொருவர் காணாமல் விடுவதைப் பலரின் கண்கள் கண்டுவிடும்.

உடன் பயணிப்போருள் முதன்மையானவர் படகோட்டியே. எந்த வாய்க்கால் எந்த நேரத்தில் ஆழம் குறையும், எந்தக் கிளையில் எப்பறவை அமரும் என்பதை அவர் அனுபவத்தால் அறிந்தவர். இக்கழிகளில் இருளர் மக்கள் நீரில் இறங்கி, கைகளால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பதையும் காணலாம். சேற்றின் இளக்கமும் நீரின் போக்கும் அவர்களுக்கு விரல்நுனிப் பாடம். இத்தகையோரிடம் கேட்டறிவதும் கல்வியே.

வேர்கள் சொல்லும் செய்தி

உலகின் மிகப்பெரிய அலையாத்திக் காடான சுந்தரவனத்தில் புலி வாழ்கிறது. பிச்சாவரத்தில் அத்தகைய பெருவிலங்கைத் தேடுவோர் ஏமாற்றமடைவர். இங்கே முதலில் காணவேண்டியவை வேர்கள்.

சேற்றுக்குள் உயிர்வளி மிகக் குறைவு. வேரும் மூச்சுவிட வேண்டும் அல்லவா? வெண்கண்டல் மரம் தன் வேர்களிலிருந்து பென்சில் முனைகளைப்போல் எண்ணற்ற சுவாச வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டுகிறது. சுரபுன்னை மரமோ தண்டிலிருந்து வளைந்திறங்கும் தாங்குவேர்களை ஊன்றி, இளகிய சேற்றில் சாயாமல் நிற்கிறது. உப்பைச் சமாளிக்கும் வழியிலும் இவை வேறுபடுகின்றன. சுரபுன்னை பெருமளவு உப்பை வேரிலேயே வடிகட்டிவிடுகிறது. வெண்கண்டல் உப்பை உள்ளே ஏற்று, இலைகளின் வழியாக வெளியேற்றுகிறது. அதன் இலையைக் கூர்ந்து நோக்கினால் உப்புப் படிகங்கள் தென்படும்.

சுரபுன்னையின் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்துவிடும். இளம் முருங்கைக்காய்போல் பசுமையாய்த் தொங்கும் அம்முளை, பின்னர் விழுந்து சேற்றில் குத்தி நிற்கும். அல்லது நீரில் மிதந்து சென்று வேறிடத்தில் வேரூன்றும். உப்புநீரில் விதை முளைப்பது கடினம். ஆகவே, தாய்மரம் பிள்ளையை வளர்த்தே அனுப்புகிறது.

தெரிந்து தெளிவோம்

சிதம்பரத்தின் பழம்பெயராகிய தில்லை, அலையாத்திக் காட்டு மரமொன்றின் பெயர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொகுத்துரைக்கும் மலர்களுள் தில்லையும் ஒன்று. இம்மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்குத் தீங்கு நேரும். ஆகவே, இதன் கிளைகளை ஒடித்தல் கூடாது.

ஓதமும் உயிர்களும்

கடல்நீர் நாள்தோறும் ஏறுவதையும் இறங்குவதையும் ஓதம் என்பர். பிச்சாவரத்தில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவே. ஆயினும், காட்டின் அன்றாட வாழ்வு முழுவதையும் இதுவே நடத்துகிறது.

நீர் இறங்கியதும் சேற்றுப்பரப்பு வெளிப்படும். வளைகளிலிருந்து சிறு நண்டுகள் வெளிவரும். அவற்றுள் ஒருவகையில் ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடலளவுக்குப் பெருத்திருக்கும். அதை உயர்த்தி அசைத்துப் பெண் நண்டை அழைக்கும். செவுளில் ஈரத்தைத் தேக்கிக்கொண்டு, துடுப்புகளை ஊன்றிச் சேற்றில் தத்திச் செல்லும் சிறுமீன்களையும் காணலாம். நண்டுகள் தோண்டும் வளைகள் வழியாகக் காற்றும் நீரும் சேற்றுக்குள் செல்கின்றன. அதனால் மரமும் பயன்பெறுகிறது. நண்டையும் புழுவையும் நாடி உள்ளான்களும் கொக்குகளும் வந்து சேர்கின்றன.

நீர் ஏறியதும் காட்சி மாறுகிறது. மீன்களும் இறால்களும் வேர்களுக்கிடையே இரைதேடி நுழைகின்றன. சேற்றில் மேய்ந்த பறவைகள் கிளைகளுக்கு எழுகின்றன. நீர்க்காகம் மூழ்கி மீன் பிடித்து, பின் சிறகுகளை விரித்துக் காயவைக்கிறது. மீன்கொத்தி கிளையிலிருந்து அம்புபோல் பாய்கிறது. செம்பருந்து வானில் வட்டமிடுகிறது. ஒரே இடத்தை இரு வேறு ஓத நேரங்களில் காண்பவர் இரு வேறு காடுகளைக் காண்கிறார்.

வடகிழக்குப் பருவமழைக்குப் பின்வரும் குளிர்மாதங்கள் பறவை நோக்கலுக்கு ஏற்றவை. வட ஆசியப் பகுதிகளிலிருந்து வலசைப் பறவைகள் அப்போது வந்து தங்கியிருக்கும். நாள், நேரம், ஓதத்தின் நிலை, பறவையின் எண்ணிக்கை, அது செய்துகொண்டிருந்த செயல் ஆகிய ஐந்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பெயர் தெரியாத பறவையாயின், அலகின் வடிவையும் காலின் நிறத்தையும் எழுதிவைத்தால் பின்னர் நூலில் தேடி அறியலாம்.

வெட்டப்பட்ட காடும் மீண்ட காடும்

இக்காடு எப்போதும் இவ்வாறு இருந்ததன்று. இருபதாம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியின் மரங்களை முற்றாக வெட்டும் முறை நடைமுறையில் இருந்தது. வெட்டிய இடத்தில் காடு மீண்டும் வளரும் என்று எதிர்பார்த்தனர். பல இடங்களில் அது வளரவில்லை. ஊர்மக்களின் விறகுவெட்டலும் கால்நடை மேய்ச்சலுமே காரணம் என்று கருதப்பட்டது.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மேற்கொண்ட ஆய்வு வேறொரு விடையைத் தந்தது. மரநிழல் அகன்றதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது, ஈரம் ஆவியாயிற்று, மண் சுருங்கி நடுவில் தாழ்ந்து தொட்டிபோல் ஆயிற்று. ஏறிவந்த கடல்நீர் அத்தொட்டியில் தேங்கியது, திரும்பிச் செல்லவில்லை. தேங்கிய நீர் வற்ற வற்ற உப்பின் செறிவு கூடியது. உப்பைத் தாங்கும் மரங்களாலும் அவ்வுப்பைத் தாங்க இயலவில்லை. எனவே, மக்கள்மீது சுமத்தப்பட்ட பழி பெரும்பாலும் பொருந்தாத ஒன்று.

காரணம் தெரிந்ததும் தீர்வும் தெரிந்தது. 1990களில் வனத்துறையும் அந்நிறுவனமும் ஊர்மக்களுடன் இணைந்து கால்வாய்கள் வெட்டின. நடுவே ஒரு முதன்மைக் கால்வாய், இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளைக் கால்வாய்கள் என அவ்வமைப்பு மீனின் முள்ளெலும்பை ஒத்திருந்தது. நீர் ஏறவும் இறங்கவும் வழி பிறந்தது. உப்பு கழுவப்பட்டது. கால்வாய்க் கரைகளில் நட்ட கன்றுகள் தழைத்தன.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கடற்கரையைத் தாக்கியது. அடர்ந்த மரங்களுக்குப் பின்னே அமைந்த ஊர்கள், மரங்களற்ற இடத்து ஊர்களைவிடக் குறைந்த சேதமே அடைந்தன என்று ஆய்வாளர் பதிவுசெய்தனர். ஊரின் உயரமும் கடலிலிருந்து உள்ள தொலைவும் இதில் பங்குபெறுகின்றன. எத்தகைய அலையையும் தடுக்கும் சுவராகக் காட்டைக் கருதுதல் தவறு. ஆனால், அலையின் வேகத்தைத் தணிப்பதில் அது தன் பெயருக்கேற்பவே செயல்படுகிறது.

இரு காடுகளுக்கு இடையே நாம்

ஆறுகளில் வரும் நன்னீர் குறைதல், கழிமுகத்தை மணல் அடைத்தல், நெகிழிக் கழிவுகள் சேர்தல் ஆகியன இன்றும் இக்காட்டை வருத்துகின்றன. இவற்றுள் முதலிரண்டும் நீரின் வரவும் போக்கும் தடைப்படுவதையே குறிக்கின்றன. இக்காட்டிற்கு நீர் இருந்தால் மட்டும் போதாது. அது இயங்கிக்கொண்டும் இருக்க வேண்டும்.

அலையாத்தி மரங்கள் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று வளர்கின்றன. அவற்றின் உதிர்ந்த இலையும் மடிந்த வேரும் உயிர்வளியற்ற சேற்றில் படிகின்றன. அங்கே கரிமம் நெடுங்காலம் அடைபட்டுக் கிடக்கிறது. நெய்வேலியில் புதைந்த காடு அன்று செய்ததும் இதுவே. அப்பழங்காடு கோடிக்கணக்கான ஆண்டுகள் காத்துவைத்த கரிமத்தை நாம் சில பத்தாண்டுகளில் எரித்துக் காற்றுக்குத் திருப்பித் தருகிறோம். எரிப்பதன் வேகத்துக்குச் சேமிப்பதன் வேகம் ஈடாகாது. நம் மின்விளக்கின் விலையில் இந்தக் கணக்கும் அடங்கியுள்ளது.

புதைந்த காட்டை நாம் காண இயலாது. நிற்கும் காட்டைக் காணலாம், அதன் வாய்க்கால் அடைபடாமல் காக்கலாம், கண்டதை எழுதிவைக்கலாம். அடுத்த குளிர்காலத்தில் உம் வகுப்புத் தோழர்களுடன் பிச்சாவரம் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், ஓதம் இறங்கும் நேரத்தைப் படகோட்டியிடம் கேட்டறிந்து, குறிப்பேட்டுடன் படகேறுக.