நெற்றி விளக்கின் வாயிற்காவல்

விடியுமுன் மரத்தில் பாலோட்டம் மிகுதி. ஆதலின் லாபு வட்டாரத்தில் பால்மரம் வெட்டுவோர்க்கு நெற்றி விளக்கு இன்றியமையாதது. அதனுள் நிகழ்வதை ஈண்டு விளக்குவோம்.

இரண்டு லித்தியம் மின்கலங்களைத் தொடராகக் கொண்ட விளக்கு முழுமையாக மின்னேற 8.4 வோல்ட் வேண்டும். கைப்பேசி மின்னேற்றியோ பொதுவாக 5 வோல்ட்டே தரும். அவ்வாறு மின்னேற்றும் விளக்குகளில், அழுத்தத்தை உயர்த்தும் சிறு மின்சுற்று ஒன்று உண்டு. கம்பிச்சுருள், மின்சாவி, ஒருவழிக் கதவு போன்ற டையோடு ஆகியவை அதன் உறுப்புகள். சாவி இணையும்போது சுருளில் ஆற்றல் சேரும். விலகும்போது அவ்வாற்றல் உள்வரும் அழுத்தத்தோடு கூடி மின்கலத்தை அடையும். நொடிக்குப் பல்லாயிரம் முறை நிகழும் இச்செயலை, வெளியீட்டை அளந்து நெறிப்படுத்துவதே கட்டுப்படுத்தியின் பணி.

ஆயினும் அது அழுத்தத்தை உயர்த்த வல்லதேயன்றித் தாழ்த்த வல்லதன்று. 12 வோல்ட் லாரி பேட்டரியில் நேராக இணைத்தால், சாவி விலகியிருப்பினும் சுருள், டையோடு வழியே மின்சாரம் பாயும். மின்கலம் தீப்பற்றவும் கூடும். ஆகவே நல்ல கருவிகளின் வாயிலில் இரு காவல்கள் உள. ஒன்று, கணநேர மிகையழுத்தத்தைத் தன்வழியே திருப்பிவிடும். மற்றொன்று, மிகை நீடித்தால் இணைப்பைத் துண்டிக்கும்.

மலிவான விளக்குகளில் இக்காவல் இல்லாமலும் இருக்கலாம். ஆதலின் உரிய மின்னேற்றியையே பயன்படுத்துங்கள். இடி முழங்குமுன் அதனைக் கழற்றிவிடுங்கள். நேரடி மின்னலை எச்சிறு காவலும் தாங்காது. பாம்பும் பள்ளமும் தெரியாத இருளில், விளக்கைக் காப்பது உயிரைக் காப்பதாகும்.