இணையதளமும் ஓர் அலுவலக வாயிலே

அரசு அலுவலகங்களின் வாயிலில் சாய்தளம் அமைக்கப்பட வேண்டும் என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. ஆனால் ஓய்வூதியம், தேர்வு விண்ணப்பம், வங்கிக் கணக்கு போன்றவை இணையதளத்தின் வழியே நடைபெறும் இந்நாளில், அத்தளமே அலுவலகத்தின் வாயிலாகிவிட்டது. அவ்வாயில் சிலருக்கு அடைபட்டிருப்பதை மற்றவர்கள் உணர்வதில்லை.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். இவர்களுள் பார்வைக் குறைபாடுடையோர் சுமார் 50 லட்சம். செவித்திறன் குறைபாடுடையோரும் ஏறத்தாழ அதே அளவினர். இயக்கக் குறைபாடுடையோர் சுமார் 54 லட்சம்.

தடைகள் யாவை?

பார்வையற்றோர் திரைவாசிப்பு மென்பொருளின் துணையுடன் கணினியை இயக்குகின்றனர். திரையிலுள்ள எழுத்துகளை அது குரலாக்கித் தருகிறது. 'என்.வி.டி.ஏ.' என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆயினும், கணினியில் தட்டச்சு செய்த ஆணையை அச்சிட்டுக் கையொப்பமிட்டு, அத்தாளைப் படமாக்கித் தளத்தில் ஏற்றினால், அம்மென்பொருளுக்கு அது பெரும்பாலும் வெற்றுத்தாளே. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அமைந்த இந்திய மொழிக் கோப்புகளோ பொருளற்ற ஒலிகளாகவே கேட்கும். பெயரிடப்படாத பொத்தான் எதற்கு உரியது என்பதும் விளங்காது.

படத்திலுள்ள எழுத்துகளைப் பார்த்து நிரப்பச் சொல்லும் சோதனை, பார்வையற்றவரை விண்ணப்பத்தின் இறுதிக் கட்டத்தில் நிறுத்திவிடுகிறது. அவர் பிறர் துணையை நாடி, தம் கடவுச்சொல்லையும் கணக்கு விவரங்களையும் வெளியிட நேர்கிறது. எழுத்துரை இல்லாத காணொளி செவித்திறன் குறைந்தோருக்கும், சுட்டியால் மட்டுமே இயங்கும் படிவம் கை நடுக்கமுடையோருக்கும் பயன்படுவதில்லை.

சட்டத்தின் நிலை

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, தகவல் தொடர்பிலும் அணுகல் வசதியை வலியுறுத்துகிறது. சேவை வழங்கும் தனியார் நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் கூறே என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. எனவே இது சலுகையன்று, உரிமையாகும்.

செய்யத்தக்கவை

தளத்தை வடிவமைக்கும்போதே இவ்வசதிகளைச் சேர்ப்பது எளிது. பின்னர்த் திருத்துவதே செலவு மிக்கது. ஒப்பந்தப் புள்ளி கோரும்போதே இதனை நிபந்தனையாக்க வேண்டும். தளத்தைத் திறக்குமுன் மாற்றுத்திறனாளிகளைக் கொண்டே சோதித்தல் நன்று. தெளிவான எழுத்தும் எளிய படிவமும் முதியோருக்கும், சிறிய கைபேசியில் படிப்போருக்கும் உதவும்.

ஓய்வூதியம் கோரும் பார்வையற்ற ஒருவர், பிறர் துணையின்றித் தம் விண்ணப்பத்தைத் தாமே நிறைவு செய்ய முடிகிறதா என்பதே ஒரு தளத்தின் தகுதியை அறியும் அளவுகோலாகும்.